இயற்கை விதிகள் ஒரு படைப்பாளரைச் சுட்டுகின்றனவா?

வினா

கோள்களின் பாதையில் சிறுகச் சிறுகச் சேரும் பிறழ்வுகளைக் கடவுளே அவ்வப்போது சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று நியூட்டன் கருதினார். வியாழனிலும் சனியிலும் தென்பட்ட பிறழ்வு, ஏறத்தாழ 900 ஆண்டுகளில் தானே மீளும் ஓர் அலைவு என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் 1780களில் காட்டியபின் அந்தத் தேவை மறைந்தது. நம் அறியாமை விட்ட இடைவெளியில் கடவுளை அமர்த்தும் வாதம் நிலைக்காது என்பதை ஏற்கிறேன். நான் கேட்பது வேறு. லாப்லாஸ் கையாண்டதும் நியூட்டனின் ஈர்ப்பு விதியைத்தான். இடைவெளிகள் அடைபட அடைபட விதியின் ஆட்சி விரிகிறதே தவிரச் சுருங்கவில்லை. எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும் சமன்பாட்டுக்குள் இத்தனையும் அடங்குவானேன்? விதி இருந்தால் விதித்த அறிவு ஒன்று உண்டு என்று கொள்வது பிழையா?

மறுமொழி 1

சிக்கலின் பாதி ‘விதி’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. அச்சொல் கேட்டவுடன் விதித்தவரையும் உடன் அழைத்து வந்துவிடுகிறது. மனிதர் வகுத்த சட்டத்தை ஒருவர் மீறினால் மீறியவரே குற்றவாளி. இயற்கையில் மீறல் காணப்பட்டாலோ நாம் திருத்துவது விதியை. புதனின் சுற்றுப்பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு பாகையில் 3600 விகலைகள்) கூடுதலாகத் திரும்புவது நியூட்டனின் கணக்கில் அடங்காதபோது, 1915இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கொள்கையே அதற்கு விடையளித்தது. புதனை யாரும் கண்டிக்கவில்லை. ஆகவே இவை கட்டளைகள் அல்ல. நாம் எழுதிவைத்த விவரிப்புகள்.

மறுமொழி 2

விவரிப்பு நம்முடையது என்பது சரி. ஆனால் விவரிக்கப்படும் ஒழுங்கு நம்முடையதன்று. வரைபடத்தை வரைந்தவர் மனிதர் என்பதால் மலையையும் அவரே எழுப்பினார் என்று ஆகாது.

கேட்டவருக்கு வேறொரு வழியில் விடை சொல்லலாம். கணிதவியலாளர் எம்மி நோதர் 1918இல் வெளியிட்ட தேற்றத்தின்படி, இயற்பியல் ஒவ்வொரு கணத்திலும் ஒரே மாதிரி நடந்தால் ஆற்றல் மாறாது. ஒவ்வோர் இடத்திலும் ஒரே மாதிரி நடந்தால் உந்தம் (நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கிய அளவு) மாறாது. எத்திசையில் திரும்பினாலும் ஒரே மாதிரி நடந்தால் கோண உந்தம் (சுழற்சிக்குரிய உந்தம்) மாறாது. அதாவது, யாரோ பார்த்துப் பார்த்து வகுத்ததுபோல் தோன்றும் விதிகளுள் சில, எந்த இடத்துக்கும் எந்தக் கணத்துக்கும் தனிச்சலுகை இல்லை என்பதிலிருந்தே பிறக்கின்றன. இருப்பினும் அத்தேற்றம் மீச்சிறு செயல் தத்துவம் (‘செயல்’ எனப்படும் ஓர் அளவு பொதுவாக மிகக் குறைவாக அமையும் பாதையிலேயே இயக்கம் நடக்கும் என்பது) என்ற அடிப்படை ஒன்றை முன்கொண்டே தொடங்குகிறது என்பதை நான் மறைக்கக் கூடாது. அந்த அடிப்படை ஏன் பொருந்துகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மறுமொழி 3

விதிகளின் வடிவத்தைவிட அவற்றில் வரும் எண்களே வலுவான சான்று என்பது என் எண்ணம். விண்மீனுக்குள் இரண்டு ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்து உண்டாகும் பெரிலியம் கண்ணிமைப்பதற்குள் என்றுகூடச் சொல்ல முடியாத வேகத்தில் சிதைந்துவிடும். அதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து சேர்ந்தால்தான் கார்பன் உருவாகும். இது போதிய அளவில் நடக்க வேண்டுமானால் கார்பன் அணுக்கருவில் ஏறத்தாழ 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (அணுக்கரு ஆற்றலை அளக்கும் அலகு) அளவில் ஓர் ஆற்றல்நிலை இருந்தாக வேண்டும் என்று வானியலாளர் பிரெட் ஹாயில் 1953இல் முன்னறிந்து கூறினார், ஆய்வகத்தில் தேடினர், இருந்தது. அது சற்று விலகியிருந்தால் உயிருக்கு வேண்டிய கார்பன் இவ்வளவு கிடைத்திருக்காது. இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி 4

‘சற்று’ என்றால் எவ்வளவு, எந்த அளவுகோலில்? அந்த எண் வேறாக இருக்கும் நிகழ்தகவைச் சொல்ல வேண்டுமானால் பல பேரண்டங்களை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். நாம் கண்டது ஒன்று. பகடையை ஒரே முறை உருட்டியவர், அதற்கு எத்தனை முகங்கள் என்றும் அறியாதவர், விழுந்த எண் அரியது என்று எப்படிச் சொல்வார்?

இது பழைய வழக்கு. குடம் காரியம் (ஒரு காரணத்தால் உண்டானது) ஆதலால் குயவன் உண்டு. உலகமும் காரியமாதலால் அதற்கும் ஒரு கர்த்தா உண்டு என்றனர் நியாயம் என்னும் இந்தியத் தருக்க மரபைச் சேர்ந்த நையாயிகர். குடத்தை வைத்து அனுமானித்தால் உடலும் கையும் உள்ள கர்த்தாவே கிடைப்பார் என்று வேதச் சடங்குகளை ஆராய்ந்த மரபினரான மீமாஞ்சகரும் பௌத்தரும் மறுத்தனர். குயவர் வனைவதைப் பார்த்திருக்கிறோம். பேரண்டம் வனையப்படுவதைப் பார்த்தவர் இல்லை.

வினா எழுப்பியவர்

குயவன் உவமையை நானும் கைவிடுகிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. களிமண் குழைவதும் சூளையில் இறுகுவதும் குயவன் வகுத்தவை அல்ல. அவன் அவற்றுக்கு அடங்கியே வனைகிறான். நாம் அறிந்த ஒவ்வோர் அறிவும் இப்படி விதிகளுக்குள் இருந்தே செயல்படுகிறது. நான் தேடுவதோ விதிகளுக்கு முந்திய ஓர் அறிவை. அதற்கு உவமை காட்ட என்னிடம் எதுவும் இல்லை. மறுமொழி 2இல் எஞ்சிய கேள்வி என்னை இன்னும் விடவில்லை என்பதும் உண்மை. தலைப்பில் ‘சுட்டுகின்றனவா’ என்பதற்குப் பதிலாக ‘இடமளிக்கின்றனவா’ என்று எழுதியிருக்க வேண்டும்.