எம்.எஸ்சி.க்கு வானியலா, சாதா பிசிக்ஸா?

குற்றாலச்சாரல்:
வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு காலேஜ்ல பி.எஸ்சி. பிசிக்ஸ் கடைசி வருஷம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். வானியற்பியல்ல பி.எச்டி. வரை போகணும்னு ஆசை. ஒரு தனியார் பல்கலைக்கழகத்துல எம்.எஸ்சி. அஸ்ட்ரோபிசிக்ஸ்னே பேர் போட்டு இருக்கு, ஃபீஸ் வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல. எங்க சார் "ஜாம் (ஐஐடி மாதிரி இடங்கள்ல எம்.எஸ்சி. சேர எழுதற நுழைவுத் தேர்வு) எழுது, சாதா பிசிக்ஸ்ல சேரு"ங்கிறார். அப்பா "பி.எட். முடிச்சிட்டு எந்த நட்சத்திரத்தை வேணா பாரு"ங்கிறார். யார் பேச்சைக் கேக்க?

நாராயண்காவ் நைட்ஷிப்ட்:
உங்க சார் சொல்றதைக் கேளு தங்கச்சி. நான் புனேல ரேடியோ வானியல்ல பி.எச்டி. பண்றேன். என்னோட எம்.எஸ்சி.யும் சாதா பிசிக்ஸ்தான்.

பி.எச்டி.க்கு எழுதற ஜெஸ்ட் தேர்வோட பழைய கேள்வித்தாளை எடுத்துப் பாரு. மெக்கானிக்ஸ், மின்காந்தவியல், குவாண்டம், ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸ். நட்சத்திரம்ங்கிற வார்த்தையைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். இண்டர்வியூவும் அப்படித்தான். என்னைக் கேட்ட கேள்வி: புனே பக்கம் இருக்கிற ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியோட தட்டு ஒண்ணு 45 மீட்டர் விட்டம், 21 செ.மீ. அலைநீளத்துல அதால எவ்வளவு நுணுக்கமாப் பாக்க முடியும்? அலைநீளத்தை விட்டத்தால வகுத்தா கால் டிகிரிக்குக் கொஞ்சம் மேல வரும். பௌர்ணமி நிலாவுல பாதி அகலம், அவ்வளவும் ஒரே மங்கல். சரி, அப்ப 30 தட்டை 25 கி.மீ.க்கு ஏன் பரப்பி வச்சிருக்காங்க? 45 மீட்டருக்குப் பதில் 25,000 மீட்டர் போட்டு வகுத்துப் பாரு, 2 ஆர்க்செகண்டுக்கும் (டிகிரியை 3,600ஆ வகுத்தா ஒரு ஆர்க்செகண்ட்) கீழ வந்துரும். இது பி.எஸ்சி. ஆப்டிக்ஸ்ல வர்ற, அலை விளிம்புல வளைஞ்சு பரவுற டிஃப்ராக்‌ஷன். வேற ஒண்ணுமில்ல.

இன்னொண்ணு, இந்த வேலை எப்படி இருக்கும்னு தெரிஞ்சிட்டு வா. நான் வானத்தைப் பாக்கிறது மொட்டை மாடில துணி எடுக்கப் போனாத்தான். மத்த நேரமெல்லாம் லினக்ஸ், பைத்தான், ரேடியோ தரவை அலசுற காசா மென்பொருள். ராத்திரி எடுத்த தரவைத் திறந்ததும் முதல்ல 3சி286 மாதிரி ஒரு கேலிப்ரேட்டரை, அதாவது அளவு சரிபாக்க வச்சிருக்கிற நல்லாத் தெரிஞ்ச ரேடியோ மூலத்தைப் பாப்போம். அளவு சரிசெஞ்சதும் ஒவ்வொரு ஆன்டெனா ஜோடிக்கும் ஃபேஸ் (ரெண்டுக்கும் வர்ற அலை எவ்வளவு முன்ன பின்ன இருக்குங்கிறது) பூஜ்ஜியத்தை ஒட்டி ஒரே கோடா ஓடணும். ஏதோ ஒரு ஆன்டெனா மட்டும் -180லேர்ந்து 180 டிகிரி வரைக்கும் புள்ளிபுள்ளியா சிதறிக் கிடக்கும். அதை வெட்டி எறி. அப்புறம் செல்போன் டவர், செயற்கைக்கோள்னு மனுஷன் போட்ட இரைச்சல், அதையும் வெட்டு. இப்படியே வாரக்கணக்கா ஓடும். எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா நட்சத்திரம் பாக்கிற கனவோட மட்டும் வந்து நொந்துபோனவங்களையும் பாத்திருக்கேன்.

பேரிலேயே வானியல் இருக்கிற படிப்பெல்லாம் மோசம்னு இல்ல. ஐஐடி இந்தூர்ல எம்.எஸ்சி. அஸ்ட்ரானமி இருக்கு, ஜாம் வழியாத்தான். ஹைதராபாத் உஸ்மானியால வானியலுக்குத் தனித் துறையே பல வருஷமா இருக்கு. கடன் வாங்கி ஒன்றரை லட்சம் கட்டுறதுதான் எனக்கு உடன்பாடில்ல. ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை மாசம் 37,000 ரூபாய், அதுவும் பி.எச்டி. சேந்த பிறகு. அதுவரைக்கும் வட்டி யாரு கட்டுவா?

டிசம்பர்ல புனேல காலேஜ் பசங்களுக்கு ரேடியோ வானியல் குளிர்காலப் பள்ளி நடத்துவாங்க, அறிவிப்பு வந்தா விடாதே. தமிழ் மீடியம்னு தயங்காதே. இங்க பாதிப் பேர் இங்கிலீஷும் நம்ம இங்கிலீஷ் மாதிரிதான்.

வாத்தியார்_67:
அப்பாவையும் கொஞ்சம் மதிங்கம்மா. எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடிச்சிட்டு பி.எட். எப்ப வேணா பண்ணலாம், முதுநிலை ஆசிரியர் தேர்வும் எழுதலாம். பட்டத்துல வேற பேர் இருந்தா, அது எம்.எஸ்சி. பிசிக்ஸுக்குச் சமம்னு சொல்ற இணைத்தன்மை அரசாணை இருக்கான்னு தேடி அலையணும். எங்க ஸ்கூல்லயே ஒருத்தர் அதுக்காக மெட்ராசுக்கு நடையா நடந்தார். சாதா பிசிக்ஸ்னா அப்பாவுக்கும் நிம்மதி, உங்களுக்கும் வழி திறந்திருக்கும்.

ரைன்கரை:
ஜெர்மனியும் யோசிங்க. பான் பல்கலைக்கழகத்துல எம்.எஸ்சி. ஆஸ்ட்ரோபிசிக்ஸ், இங்கிலீஷ்லதான். படிப்புக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ மட்டும். 100 மீட்டர் எஃபெல்ஸ்பெர்க் தொலைநோக்கி பக்கத்துலதான். ஹைடல்பெர்க் இருக்கிற மாநிலத்துல நம்ம மாதிரி வெளிநாட்டுக்காரங்க செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணும், கவனம். ஆனா இலவசம்னு நம்பிக் கிளம்பிடாதீங்க. விசாவுக்கு வங்கில முடக்கி வைக்கிற பணம் 2024 செப்டம்பர்லேர்ந்து வருஷத்துக்கு 11,904 யூரோ. ஊர்ல நிலம் வித்துட்டு வந்தவங்க இங்க இருக்காங்க.

குற்றாலச்சாரல்:
எல்லாருக்கும் நன்றி. ஜாமுக்கு அப்ளை பண்ணிட்டேன், அப்பாகிட்ட அரசாணைக் கதையைச் சொன்னதும் சத்தமே இல்ல. அக்கா, என் லேப்டாப் 4 ஜிபி ரேம்தான், அரசு கொடுத்தது. இதுல காசா ஓடுமா?

நாராயண்காவ் நைட்ஷிப்ட்:
திணறும், விட்டுடு. பைத்தான்ல லைட்கர்வ்னு ஒரு நூலகம் இருக்கு, அதைப் போடு. வேற நட்சத்திரங்களைச் சுத்துற கோள்களைத் தேடுற நாசாவோட டெஸ் செயற்கைக்கோள் தரவு இலவசம், கோப்பும் சின்னது. வாஸ்ப்-18ங்கிற நட்சத்திரத்தை இறக்கு. அதைச் சுத்துற கோள் வியாழனை விடப் பத்து மடங்கு நிறை, ஆனா ஒரு நாளுக்குள்ள ஒரு சுத்து முடிச்சிரும். அந்தக் கோள் நட்சத்திரத்துக்குக் குறுக்க வர்றப்பல்லாம் ஒளி ஏறக்குறைய 1 சதவீதம் குறையும், வரைபடத்துல வரிசையாப் பள்ளம் தெரியும். ரெண்டு பள்ளத்துக்கு நடுவுல எத்தனை மணி நேரம்னு அளந்துட்டு இங்கயே படத்தைப் போடு. 22, 23க்கு நடுவுல வரணும்.