புதுப்பிப்பு: நோட்டில் இருக்கும் சொல் எழுதும்போது வர

புதுச் சொல்லை, அது வந்த வாக்கியத்தோடு நோட்டில் எழுதி வைக்கும்படி முன்பு சொல்லியிருந்தேன். பலரும் திரும்பக் கேட்டது: நோட்டு நிறைகிறது, எழுதும்போது ஒன்றும் கைக்கு வரவில்லையே?

படித்தால் புரிகிற சொல் வேறு, எழுதும்போது தானாக வருகிற சொல் வேறு. இரண்டாவதற்கு நினைவிலிருந்து எடுத்துப் பழக வேண்டும். சொல்லை மறைத்து, பொருளை மட்டும் பார்த்துச் சொல்லிப் பாருங்கள்: மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், பிறகு 3 வாரம் கழித்து. ஒவ்வொரு முறையும் புது வாக்கியம் ஒன்று எழுதுங்கள். வாரத்துக்கு 10 சொல் போதும். கூடினால் மறுபார்வை நின்றுபோகும்.

சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். வெறும் 'கவனம்' பயன்படாது. கவனம் செலுத்து, கவனம் சிதறு, கவனத்தை ஈர் என்று துணையோடு எழுதுங்கள். வேற்றுமை உருபையும் குறியுங்கள்: 'அவரை வெறுத்தேன்', ஆனால் 'அவர் மேல் வெறுப்பு'. பொருள் தெரிந்தவர்களும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி அருமையான களஞ்சியம். ஆனால் பழஞ்சொல்லும் புழக்கச் சொல்லும் அதில் கலந்தே இருக்கும். நேரே எடுத்துப் போட்டால் நடை விறைத்துவிடும். 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களும் தருகிறது. அதில் சரிபாருங்கள்.

எதைச் சேர்ப்பது என்று கேட்டால், முதலில் வினைச்சொற்கள்தான். 'கோபமாகப் பார்த்தான்' என்பதை 'முறைத்தான்' என்ற ஒரே சொல் சொல்லிவிடும். உங்கள் பழைய பக்கம் ஒன்றை எடுத்து, '-ஆக' என்று முடியும் அடைகளை அடிக்கோடிடுங்கள். தேட வேண்டிய வினைகளின் பட்டியல் அங்கேயே கிடைக்கும்.