ஏற்காட்டுப் பனி படத்தின் மேல் வாட்டர் கலர், மை கரைந்து ஓடுகிறது

சில்வர்ஓக்:
போன மாதம் ஏற்காட்டில் காபித் தோட்டத்து ஓரமாக நின்று காலை ஆறரைக்கு எடுத்த படம். முன்னால் நாலு சில்வர் ஓக், பின்னால் முழுக்கப் பனி. சேலத்தில் ஒரு கடையில் ஏ3 பிரிண்ட் போட்டு, பனி மேல் கொஞ்சம் வெள்ளை தொடலாம் என்று தூரிகையை வைத்ததுதான் தாமதம், கறுப்பெல்லாம் நீலமாகக் கசிந்து மரத்தடியில் மைக்கூடு கவிழ்ந்த மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு தாளில் கலர் ஒட்டவே இல்லை, முத்து முத்தாக நிற்கிறது. என்ன செய்வது? அப்புறம், இதைக் கண்காட்சிக்குக் கொடுத்தால் ஓவியம் என்பார்களா, போட்டோ என்பார்களா?

குகைக்காரன்:
கடையில் டை மையில் போட்டிருப்பார்கள், தண்ணீர் பட்டால் ஓடத்தான் செய்யும். தண்ணீரில் கரையாத பிக்மென்ட் மையில், பளபளப்பு இல்லாத காட்டன் தாளில் கேளுங்கள். முத்தாக நின்றது பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள், அதில் வாட்டர் கலர் வேலைக்கு ஆகாது. எதுவானாலும் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி ஈரத் துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

பழையஸ்டுடியோ:
எங்கள் பெரியப்பா செவ்வாய்ப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்துக்குக் கையால்தான் கலர். தீக்குச்சி நுனியில் பஞ்சு சுற்றி ஆயில் கலரைக் கன்னத்தில் தொட்டு, உடனே வேறு பஞ்சால் முக்கால்வாசியைத் துடைத்துவிடுவார், மிச்சம் நிற்பதுதான் கலர். ஜரிகைக்கு மட்டும் மெல்லிய தூரிகை. நிழல்தான் படத்திலேயே இருக்கிறதே, நீ எதற்கு இன்னொரு தடவை போடுகிறாய் என்று திட்டுவார். தம்பி, உங்கள் படத்திலும் பனி ஏற்கெனவே இருக்கிறது. மேலே வெள்ளை பூசினால் சுண்ணாம்பு அடித்த சுவர்தான். மரத்தைத் தொடுங்கள், பனியை விட்டுவிடுங்கள்.

பிசின்கை:
பனிக்கு கம் பைக்ரோமேட் என்ற பழைய போட்டோ பிரிண்ட் முறை பொருந்தும். கம் அரபிக் பிசின், வாட்டர் கலர், பொட்டாசியம் டைக்ரோமேட் மூன்றையும் கலந்து தாளில் பூசி, படத்தின் அளவிலேயே நெகட்டிவ் வைத்து வெயிலில் காட்ட வேண்டும். வெளிச்சம் பட்ட இடம் இறுகும், மற்றது தண்ணீரில் கழன்றுவிடும், அதனால் பனி என்பது வெறும் தாள்தான். டைக்ரோமேட் விஷம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். 1890களிலேயே பாரிஸில் ராபர்ட் டெமாஷி என்ற போட்டோக்காரர் இப்படிக் கழுவும்போது தூரிகையால் வண்ணத்தை வழித்தெடுத்தார், இது போட்டோவா என்று அப்போதே சண்டை. அமெரிக்கப் போட்டோக்காரர் ஸ்டைக்கன் 1904இல் எடுத்து இந்த முறையில் நிறம் ஏற்றிய நிலவுக் குளம் படம் 2006 ஏலத்தில் 29 லட்சம் டாலருக்குப் போனது, போட்டோ என்றே.

சில்வர்ஓக்:
கடையில் விசாரித்தேன், டை மையேதான். காட்டன் தாள் சொல்லியிருக்கிறேன், இந்த முறை மரம் மட்டும். கெட்டுப்போன பிரிண்டை மட்டும் தூக்கிப் போட மனசு வரவில்லை. நீலம் ஓடிய அந்த மூன்றாவது மரம் பார்க்கப் பார்க்கப் பிடிக்கிறது, பெரியப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.