ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கார் வாங்கும்வரை வீட்டில் இருக்காதீர்கள்

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான இந்த ஸ்காபரோவுக்கு வந்தவுடன் எல்லோரும் சொல்வது ஒன்றுதான், "கார் இல்லாமல் இங்கே சரிவராது." அதை நம்பி முதல் நான்கு மாதம் வேலை, வீடு என்று மட்டுமே கிடந்தேன். நீங்கள் அப்படிக் கிடக்க வேண்டாம். ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவையும் பேஸ்மென்ற்றில் அப்படி வைத்திருக்காதீர்கள், பாவம்.

முதலில் ஒரு பிரெஸ்ரோ காட் (பஸ், ரயில் கட்டணம் கட்டும் அட்டை) வாங்குங்கள். ரிரிசியில் (TTC, ரொறன்ரோ நகரப் பஸ், சுரங்க ரயில் சேவை) ஒருமுறை தட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை பஸ் மாறினாலும், போன வழியே திரும்பி வந்தாலும் மறுபடி காசு எடுக்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் தட்டுவது அதே காட்டாக இருக்க வேண்டும். நான் முதல் பஸ்ஸில் போனில் போட்டிருந்த வங்கிக் காட்டால் தட்டினேன், கென்னடி சுரங்க ரயில் நிலையம் வருவதற்குள் போனில் சார்ஜ் போய்விட்டது, சரி, அதே வங்கிக் காட்தானே என்று பேர்ஸிலிருந்து எடுத்துத் தட்ட இரண்டாவது தடவையும் காசு போனது. போனில் இருக்கும் காட் வேறு, கையில் இருக்கும் காட் வேறு என்றுதான் மெஷின் கணக்கெடுக்கும்.

65 தாண்டிய பெற்றோருக்கு வாங்கும் பிரெஸ்ரோ காட்கூட முதலில் சாதாரண கட்டணத்தில்தான் இருக்கும். வயது காட்டும் அடையாள அட்டையோடு ஷொப்பர்ஸ் மருந்துக் கடைக்குப் போய் முதியோர் கட்டணத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். 12 வயது வரை பிள்ளைகளுக்கு ரிரிசியிலும், சுற்றியுள்ள ஊர்களுக்கு ஓடும் கோ (GO) ரயிலிலும் இலவசம்.

மார்க்கம் பக்கம் வீடு எடுத்தவர்களுக்கு: முன்பு ரொறன்ரோவின் வடக்கு எல்லையான ஸ்ரீல்ஸ் ரோட்டைத் தாண்டி பஸ் மாறினால் இன்னொரு கட்டணம். 2024 பெப்ரவரியிலிருந்து அது இல்லை. கோ ரயிலில் மட்டும் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும், இறங்கும்போது மறந்தால் போகாத தூரத்துக்கும் சேர்த்துக் காசு போகலாம்.

இரவு வேலை முடிந்து வருகிற பெண்பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள். இரவு 9 மணியிலிருந்து காலை 5 மணிவரை ரிரிசி பஸ்ஸில் இரண்டு தரிப்புகளுக்கு நடுவிலும் இறக்கிவிடச் சொல்லிக் கேட்கலாம். குறைந்தது ஒரு தரிப்புக்கு முன்பே சாரதியிடம் சொல்லிவிட்டு முன்கதவால் இறங்குங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அது உங்களுக்காகவே வைத்த ஏற்பாடு.

அப்புறம் நடை. கென்னடியிலிருந்து 86ஆம் பஸ் மிருகக்காட்சிசாலைவரை போகிறது, அதற்குப் பக்கத்திலேயே ரூஜ் தேசிய நகரப் பூங்கா. உள்ளே போக ஒரு சதமும் வேண்டாம். புதியவர்கள் விஸ்ரா பாதையில் தொடங்குங்கள், 1.5 கிலோமீற்றர்தான், மேலே பலகைத் தளத்தில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும், ஒக்ரோபரில் போனால் கண்ணை எடுக்க மனம் வராது. முழங்கால் பலமானவர்கள் மாஸ்ற் பாதைக்குப் போகலாம், அந்தக் காலத்தில் கப்பல் பாய்மரத்துக்கு பைன் மரம் வெட்டி இழுத்த வழி அது.

கோடையில் நீளக் காற்சட்டை போட்டு, அதன் நுனியைச் சொக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். புல்லில் உண்ணி இருக்கிறது, லைம் நோய் அதனால்தான் வருகிறது. வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்பக்கம், தலைமயிருக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள். மூன்று மூன்று இலையாக நிற்கும் செடியைத் தொட விடாதீர்கள், சொறிந்து கொப்புளம் போடும்.

ஏற்றம் இறக்கம் முடியாத பெரியவர்கள் என்றால் ரூஜ் ஹில் கோ நிலையத்தில் இறக்குங்கள். பக்கத்திலேயே ஏரி, கரையோரம் சமமான பாதை. என் அம்மா முதல் நாள் அங்கே நின்று, "கடல் மாதிரித்தான் இருக்கு, உப்பு மணம்தான் இல்லை" என்றார். இப்போது அவரே ஞாயிறுகளில் பிரெஸ்ரோ காட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எத்தனை மணிக்கு ரயில் என்று என்னைக் கேட்கிறார்.