கான்ஜுகேஷன்: ஒரு சொல் போதுமா? (இலத்தீன் இலக்கணக் கலைச்சொற்கள்)

அன்புள்ள குழுவினர்க்கு,

இலத்தீன் தொடக்க நூலுக்கான சொற்பட்டியலில் இன்னும் இழுபறியாக நிற்பவை கான்ஜுகேஷனும் (conjugation, வினைச்சொல் உருமாறுவது) சுட்டுப்பெயர்களும்தான்.

> மூலச்சொல்லுக்கு நுகத்தில் சேர்த்துப் பூட்டுதல் என்று பொருள். ஆகவே 'பிணைவு' என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் ஐயா. ரோமானியன் பூட்டினான் என்பதற்காக நாமும் பூட்ட வேண்டியதில்லை. 'பிணைவு' என்றால் படிக்கிற பிள்ளைக்கு வினைச்சொல்லே நினைவுக்கு வராது. 'கூட்டுவினை' பக்கமும் போக முடியாது. அது வேறொன்றுக்கு ஏற்கெனவே போய்விட்டது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அமோ, அமாஸ், அமத் (நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான்) என்று வினை உருமாறுவதும் கான்ஜுகேஷன். அந்த உருக்களை வரிசையாக எழுதிய பட்டியலும் கான்ஜுகேஷன். அமாரெ முதலாவது, மொனேரெ இரண்டாவது, ரெகெரெ மூன்றாவது, ஔதீரெ நான்காவது என்று வினைகளைப் பிரிக்கும்போது அந்தப் பிரிவும் கான்ஜுகேஷன்! ஆங்கிலம் ஒரே சொல்லில் சமாளிக்கிறது. நாம் ஏன் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்?

உருமாற்றத்துக்கு 'வினைத்திரிபு' இருக்கிறது, அதுவே நிற்கட்டும். பட்டியலுக்கு 'வாய்பாடு'. 'செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்' என்று நம் இலக்கணத்தில் இருப்பதுதான். உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்யும் பட்டியலுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

பிரிவுக்குத்தான் பெயரில்லை. 'முதல் வினைத்திரிபு' என்றால் முதல்முறை திரிந்தது போல ஒலிக்கிறது. 'வினைவகை' என்றால் தன்வினை, பிறவினைக்கு மனம் போய்விடும். வடமொழி இலக்கணம் வினையடிகளைப் பத்துக் கணங்களாக்குகிறது. ஆனால் 'முதல் கணம்' என்பதை யாரும் நொடிப்பொழுது என்றே படிப்பார்கள். என் பரிந்துரை 'திரிபினம்'. ஒரே மாதிரி திரியும் சொற்களின் இனம். அமாரெ முதல் திரிபினம். கபியோ (எடுக்கிறேன்) மூன்றாம் திரிபினத்தில் இருந்துகொண்டு நான்காவதன் சாயலும் காட்டும் இரண்டுங்கெட்டான்.

பெயர்ச்சொல்லுக்கும் இது உதவும். இலத்தீனில் பெயர்கள் ஐந்து திரிபினம். அதற்கு 'வேற்றுமை' என்று போட்டால், 'ஐந்தாம் வேற்றுமை' என்பது ரேஸ் (பொருள்) போன்ற பெயர்களின் பிரிவா, நம் 'இன்' உருபா என்று ஆசிரியரே தடுமாறுவார்.

தமிழுக்குத் தேவையில்லாத கருத்து என்றும் சொல்லிவிட முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியில் 'படி-தல்' பக்கத்தில் 4 என்றும் 'படி-த்தல்' பக்கத்தில் 11 என்றும் எண் இருக்கும். படிந்தான், படித்தான். நாம் கவனிக்காமல் தாண்டிப் போகும் அந்த எண், திரிபின எண்தான். 16ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசியப் பாதிரியார் அன்றீக்கு அடிகளார் தம் தமிழ் இலக்கணத்தில் நம் வினைகளை இப்படிப் பிரிக்கப் பார்த்தவர்.

இடையில் ஒன்று: இரண்டாம், மூன்றாம் திரிபினங்களை மொனேரெ, ரெகெரெ என்று தமிழெழுத்தில் எழுதினாலே 'னே', 'கெ' நெடிலும் குறிலுமாய்ப் பிரிந்து நிற்கின்றன. உரோமன் எழுத்தில் மேலே கோடு போட்டால்தான் தெரியும். எகர ஏகாரத்தைப் பிரித்துக் காட்டும் எழுத்துச் சீர்திருத்தத்தை வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். இலத்தீன் படித்தவருக்கு அந்தக் குறை உறுத்தியதில் வியப்பில்லை.

சுட்டுக்கு, ஹிக் (இவன்) என்பதை அண்மைச்சுட்டு, இல்லெ (அவன்) என்பதைச் சேய்மைச்சுட்டு என்கிறார்கள். நடுவில் நிற்கும் இஸ்தெ? 'இடைமைச்சுட்டு' என்பது பட்டியலில் உள்ள முன்மொழிவு. ஈழத்து நண்பர்கள் சொல்லுங்கள்.

———

வணக்கம் அண்ணை,

திரிபினம் நல்லாயிருக்கு. 'இடைமை' எனக்குச் சரியாப் படேல்லை. நாங்கள் யாழ்ப்பாணத்தில இது, உது, அது மூன்றும் இப்பவும் கதைக்கிறம். தொலைபேசியில "உங்க மழையோ?" எண்டு கேட்டால், நீங்கள் இருக்கிற இடத்தில மழையோ எண்டுதான் அர்த்தம். நீங்கள் கனடாவில இருந்தாலும் 'உங்க'தான். பிறகு உதில 'இடை' எங்க இருக்கு? தூரத்தை அளக்கிற கதையில்லை, ஆருடைய பக்கம் எண்டதுதான் கதை.

இஸ்தெயும் அப்பிடித்தானே? கேக்கிற ஆளோட ஒட்டினது. "உவர் பெரிய ஆள்" எண்டு சொல்லுற விதத்தில சொன்னால் நக்கலும் வரும்.

———

தங்கைக்கு நன்றி. அந்த நக்கல் இலத்தீனிலும் உண்டு. கி.மு. 70இல் சிசிலியின் முன்னாள் ஆளுநர் வெர்ரெஸ் மேல் வழக்காடிய ரோமானியப் பேச்சாளர் சிசரோ, அவனை 'இஸ்தெ' என்றே திரும்பத் திரும்பச் சுட்டுகிறார். தமிழக வழக்கில் மொழிபெயர்த்தால் 'இந்த ஆள்' என்று எழுத வேண்டியிருக்கும். 'உவன்' என்றால் அப்படியே உட்காரும். "அ இ உ அம் மூன்றும் சுட்டு" என்ற தொல்காப்பிய நூற்பாவைப் படித்துவிட்டு உகரத்தை வழக்கிழந்தது என்று குறித்துக்கொள்ளும் நாங்கள்தான் யோசிக்க வேண்டும்.

ஆக, தூரத்தை விட்டுவிட்டு இலக்கணத்தின் மூவிடத்தையே அடிப்படையாகக் கொள்ளலாம்: ஹிக் தன்மைச்சுட்டு, இஸ்தெ முன்னிலைச்சுட்டு, இல்லெ படர்க்கைச்சுட்டு. நூலில் பொருள் எழுதும்போது இவன், உவன், அவன். தமிழக மாணவருக்கு 'உவன்' பற்றி ஒரு வரி விளக்கம் போதும்.

மீதி இஸ், எயா, இத். இவை எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை. முன்னே வந்த பெயரைத் திரும்ப எடுக்கின்றன. 'மார்க்குஸ் வந்தான், அவனைப் பார்த்தேன்' என்பதில் வரும் 'அவன்' போல. சுட்டுப்பெயரை முன்னே சொல்லாமல் "இயற்பெயர் வழிய" என்கிறது தொல்காப்பியத்தின் கிளவியாக்கம். அந்த 'வழி'யை எடுத்து 'வழிச்சுட்டு' என்று வைக்கிறேன்.

அடுத்தது: லொக்குவொர், செக்குவொர் போலச் செயப்பாட்டு உருவில் நின்றுகொண்டு 'பேசுகிறேன், பின்தொடர்கிறேன்' என்று செய்வினைப் பொருள் தரும் வினைகள். 'போலிச் செயப்பாட்டுவினை' என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். நீளம்தான். சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள்.