நம்ம வீட்டு குரூப்: பால் ஜாயிண்ட் போல்ட்டு உடைஞ்ச ஞாயித்துக்கெழம

செந்தில்: ராஜா சித்தப்பா இருக்கீங்களா? ஆல்டோ கார்ல முன்னாடி இடது பக்கம் சக்கரத்த கீழ புடிச்சிருக்குற லோயர் ஆர்ம் மாத்திட்டு இருக்கேன், சக்கரம் மாட்டுற நக்கிள்ல பால் ஜாயிண்ட (ஆர்மையும் நக்கிளையும் சேக்குற உருண்ட மூட்டு) இறுக்கி புடிக்கிற குறுக்கு போல்ட்டு இருக்குல்லா அது உடைஞ்சிட்டு. நட்டு லேசா கழண்டுட்டு, போல்ட்டு மட்டும் அசையல, ஸ்பேனர் போட்டு திருப்புனா தல தனியா கையில வந்துட்டு, உடம்பு ஓட்டைக்குள்ளயே கெடக்கு

செந்தில்: (போட்டோ)

அம்மா: கையில எதுவும் படலயேப்பா

செந்தில்: இல்லம்மா கிளவுஸ் போட்டுருக்கேன்

கலா அத்தை: வெள்ளிக்கெழம திருச்செந்தூர் போணுமே அதுக்குள்ள சரியாயிருமா

ராஜா சித்தப்பா: மொதல்ல வண்டி எதுமேல நிக்குது அத சொல்லு

செந்தில்: ஸ்டாண்டு மேல நிக்குது சித்தப்பா. பின் சக்கரத்துக்கு கல்லு வச்சாச்சி, கழட்டுன சக்கரத்தையும் அடியில படுக்க போட்டுருக்கேன்

ராஜா சித்தப்பா: அது போதும். வெறும் ஜாக்கிய நம்பி யாரும் அடியில போவக்கூடாது, ஹைட்ராலிக் ஜாக்கின்னா சீல் போனா சத்தமில்லாம எறங்கிரும், டெப்போல இருந்த காலத்துலயே இத பத்தி புது பயலுவள்ட்ட டெய்லி கத்துவேன்

பிரபு (சார்ஜா): அந்த போல்ட்டு கெடந்துட்டு போவுது, பால் ஜாயிண்ட சுத்தியல வச்சி கீழ தட்டி இறக்கிரு

ராஜா சித்தப்பா: பிரபு அது வராதுப்பா. பால் ஜாயிண்ட் தண்டுல ஒரு பள்ளம் வெட்டியிருப்பான், அந்த போல்ட்டு பள்ளத்து வழியாதான் குறுக்க போவும், அது முழுசா வெளிய வந்தாதான் தண்டு எறங்கும். நல்லதுக்குதான் அப்படி வச்சிருக்கான், இறுக்கம் கொஞ்சம் விட்டாக்கூட பால் ஜாயிண்ட் கீழ நழுவாது. அது நழுவிச்சின்னா சக்கரம் மடங்கி வண்டி ரோட்டுல உக்காந்துரும்

ராஜா சித்தப்பா: செந்தில் உடைஞ்ச தலைய கிட்ட வச்சி உடைஞ்ச பக்கத்த ஒரு போட்டோ எடு, வெளிச்சத்துல எடு, துணிய வச்சி தேய்க்காத

செந்தில்: (போட்டோ)

ராஜா சித்தப்பா: பாத்தியா. பாதி வட்டம் கறுத்து துரு ஏறி கெடக்கு, மிச்சம் பாதி வெள்ளையா மினுங்குது. கறுப்பு பக்கம் எப்பவோ விட்ட விரிசல், வெள்ளை மட்டுந்தான் இன்னைக்கி உடைஞ்சது. இத்தன நாளும் பாதி போல்ட்டுலதான் ஓடியிருக்கு

அம்மா: முருகா

கலா அத்தை: போன வாரம் இதுலதான் பிள்ளைவள ஏத்திட்டு பாளையங்கோட்ட போனோம் எனக்கு கை நடுங்குது

செந்தில்: வலது பக்கத்தையும் கழட்டி பாத்துரவா சித்தப்பா

ராஜா சித்தப்பா: கட்டாயம் பாக்கணும், ஆனா இத முடிச்சிட்டு. நம்ம முத்தையாபுரம் பக்கம் உப்பளக் காத்து, இரும்ப சும்மா விடாது. துரு வந்தா இரும்பவிட நெறய எடம் எடுக்கும், ஓட்டைக்குள்ள அது ஊதிப் போயி போல்ட்ட நெருக்கி புடிச்சிரும், அதான் நட்டு கழண்டும் போல்ட்டு வரல

ராஜா சித்தப்பா: இப்ப ரெண்டு பக்கமும் துருவெடுக்குற ஆயில் அடிச்சிட்டு சாப்ட போ. சாயங்காலம் வர அப்பப்ப அடி. நட்டு பக்கம் மரை வெளிய நீட்டிட்டு இருக்குல்ல, அதுல பழைய நட்ட ஏத்தி முனைக்கு சமமா நிறுத்திட்டு அதுமேல சுத்தியலால தட்டு, வெறும் மரைல அடிச்சா முனை காளான் மாதிரி விரிஞ்சி அப்புறம் ஓட்டை வழியா போவவே போவாது

பிரபு (சார்ஜா): டிரில் போட்டு, உடைஞ்ச போல்ட்ட திருகி எடுக்குற ஈசி அவுட் வச்சி எடுக்கலாம்ல

ராஜா சித்தப்பா: கடைசிக்கு பாக்கலாம். டிரில் கொஞ்சம் சரிஞ்சாலும் நக்கிள் ஓட்டை பெருசாயிரும், அப்புறம் நக்கிளே மாத்தணும். ஈசி அவுட் உள்ள முறிஞ்சிட்டா இன்னும் மோசம், அது ரொம்ப கடினமான ஸ்டீலு, சாதா பிட்டு அத வெட்டவே வெட்டாது

(மத்தியானம் 3:20)

செந்தில்: நூலளவு நவுந்துருக்கு சித்தப்பா, அதுக்கு மேல வரல. பக்கத்து தெரு வெல்டிங் பட்டறை அண்ணாச்சி மெசினோட வாரேன்னு சொல்லிருக்காங்க

ராஜா சித்தப்பா: ரொம்ப நல்லது, அதான் சரியான வழி. உடைஞ்ச முகத்துமேல ஒரு நட்ட வச்சி நட்டோட உள்பக்கத்த நெரப்பி வெல்டிங் வைக்கச் சொல்லு, கொஞ்சம் ஆறவிட்டு ஸ்பேனர் போட்டு முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி ஆட்டி திருப்பு, ஒரேடியா இழுக்காத. அந்த சூட்டுலயே துரு பிடி விட்டுரும். அதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸ் கழட்டிரு. வெல்டிங் மெசினோட எர்த் கிளாம்ப நக்கிள்லயே மாட்டணும், வேற எங்கயாவது மாட்டுனா கரண்டு வீல் பேரிங் வழியா போயி பேரிங் கெட்டுரும். பிரேக் ஹோஸு, ஆக்சில் ரப்பர் உறை ரெண்டுக்கும் ஈரத்துணி சுத்து. அடிச்ச ஆயில நல்லா தொடச்சிரு தீ புடிக்கும். பிரேக் கிளீனர் அந்த பக்கமே கொண்டு போவாத, சில கிளீனர் சூடு பட்டா விஷப்புகை விடும்

அம்மா: ஒரு வாளி மண்ணு பக்கத்துல வச்சிக்கப்பா

(5:05)

செந்தில்: வந்துட்டு!!! மொத வெல்டிங்கு பிச்சிட்டு, ரெண்டாவது நல்லா புடிச்சி கிரீச்னு சத்தம் போட்டு சுத்துச்சி, அப்புறம் பஞ்ச் வச்சி தட்டுனதும் விழுந்துட்டு (போட்டோ)

கலா அத்தை: அப்பாடா. அண்ணாச்சிக்கு காப்பி குடுத்தியா

செந்தில்: அம்மா குடுத்துட்டாங்க அத்தை. காசு வாங்க மாட்டேன்னாங்க, கையில திணிச்சி விட்டேன்

பிரபு (சார்ஜா): இனி துருவே புடிக்காம ஸ்டெயின்லெஸ் போல்ட்டு வாங்கி போட்டுரு ஹார்ட்வேர் கடையில கெடைக்கும்

ராஜா சித்தப்பா: ஐயோ அந்த எடத்துல அது வேண்டாம். போல்ட்டு தலையில 8.8னு போட்டுருந்தா சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், கிட்டத்தட்ட 80 கிலோ இழுவை தாங்கும்னு அர்த்தம். 10.9னா 1000 நியூட்டன். கடையில சாதாரணமா கெடைக்கிற ஸ்டெயின்லெஸ் ஏ2-70, அது 700தான். துரு புடிக்கலன்னாலும் பலம் கம்மி, மரையும் ஒட்டிக்கிட்டு பிடிச்சிரும். செந்தில் பழைய தலையில என்ன நம்பர் இருக்கு

செந்தில்: துரு தின்னுட்டு சித்தப்பா ஒண்ணும் தெரியல

ராஜா சித்தப்பா: அப்ப நாளைக்கி கம்பெனி பார்ட்ஸ் கடையில மாடலு வருசம் சொல்லி அதே போல்ட்டும் நட்டும் கேளு, ரெண்டு பக்கத்துக்கும் புதுசு வாங்கு. ஓட்டைய உருண்ட பிரஷ் போட்டு சுத்தம் பண்ணிட்டு போல்ட்டு உடம்புல மட்டும் கிரீஸ் தடவு, மரைல வேண்டாம், மரைல கிரீஸ் இருந்தா, இறுக்கத்த அளந்து காட்டுற டார்க் ரெஞ்சுல காட்டுறத விட கூடுதலா இறுகிரும். லோயர் ஆர்ம் உள்பக்க ரப்பர் புஷ் போல்ட்ட வண்டிய தரையில எறக்கி பாரம் விழுந்த பெறவுதான் கடைசியா டைட் வைக்கணும், இல்லன்னா ரப்பர் முறுக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழிஞ்சிரும்

செந்தில்: சரி சித்தப்பா. சக்கரம் நேரா நிக்குதான்னு அலைன்மெண்ட் பாக்கணுமா?

ராஜா சித்தப்பா: பாத்துரு. வியாழக்கெழம பாத்தா வெள்ளிக்கெழம போவலாம்

அம்மா: அதுவர வண்டி ஸ்டாண்டு மேலதான் நிக்குது, கலா பிள்ளைவள கூட்டிட்டு வந்தா அந்த பக்கம் வெளையாட விடாத

கலா அத்தை: சரிங்க மைனி. வரும்போது அந்த உடைஞ்ச போல்ட்ட எனக்கும் காட்டுங்க