கட்டணமில்லாப் பயணத்துக்கு அரசு தரும் பணம் பேருந்துகளைப் பெருக்குகிறதா?

தெருமுனை வாசகர் (கேள்வி)

வணக்கம். சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லும் மகளிர் விடியல் பயணத் திட்டத்துக்கு 2025–26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ரூ.3,600 கோடி ஒதுக்கப்பட்டுள்ளது. 2021 மே மாதத்தில் மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்ற அன்றே கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்றாக இது வந்தபோது, ஆண்டுக்கு ரூ.1,200 கோடி செலவாகும் என்று அரசு கணக்கிட்டது. நான்கு ஆண்டுகளில் தொகை மூன்று மடங்காகியிருக்கிறது. பெண்களின் பயணம் பெருகியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை என்றாலும், பணம் மூன்று மடங்கு போகும்போது அந்தப் பெண்கள் ஏறும் சாதாரணக் கட்டணப் பேருந்துகளும் அதற்கேற்ப கூடியிருக்க வேண்டாமா என்பதே என் ஐயம்.

இலவசம் சரியா தவறா என்ற விவாதத்தைத் தொலைக்காட்சிகளுக்கே விட்டுவிடுவோம். நான் அறிய விரும்புவது இதுதான்: இந்தப் பணம் எந்தக் கணக்கின்படி போக்குவரத்துக் கழகங்களுக்குச் செல்கிறது? சென்ற பின் எதற்குச் செலவாகிறது? ஒரு வழித்தடத்தில் பெண் பயணிகள் இரு மடங்கானால், அங்கே கூடுதலாக ஒரு பேருந்தை விடும்படி கழகத்தைத் தூண்டும் ஏற்பாடு ஏதாவது இதில் இருக்கிறதா?

வரவுசெலவு (பதில்)

நல்ல கேள்வி. சுருக்கமான பதில், அப்படியொரு தூண்டுதல் இல்லை என்பதே. ஏன் இல்லை என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், ரூ.3,600 கோடி என்பது சென்னைக்கு மட்டுமானதன்று. விழுப்புரம், சேலம், கோவை, கும்பகோணம், மதுரை, திருநெல்வேலி கழகங்களின் நகரப் பேருந்துகளும் இதில் அடங்கும். இதே வரவு செலவுத் திட்டத்தில் மாணவர் பயணச் சலுகைக்கும் டீசல் விலை உயர்வை ஈடுகட்டுவதற்கும் தனித்தனி மானியங்கள் உள்ளன. ஆக, போக்குவரத்துக் கழகத்தின் வருவாயில் பெரும் பங்கு இப்போது நடத்துநரின் தோல்பையிலிருந்து வருவதில்லை. தலைமைச் செயலகத்திலிருந்து வருகிறது. கழகத்தின் உண்மையான வாடிக்கையாளர் யார் என்ற கேள்விக்கான விடையே இதனால் மாறிவிட்டது. இதைப் பற்றி நம் ஊரில் யாரும் போதிய அளவு பேசியதாக எனக்குத் தெரியவில்லை.

தொடக்கத்தில், பயணிகளில் 40 விழுக்காட்டினர் பெண்கள் என்ற மதிப்பீட்டின் மேல்தான் ரூ.1,200 கோடி என்ற தொகை நின்றது. பின்னர்ப் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணச்சீட்டு கிழித்துக் கொடுக்கும் முறை வந்தது. "காசு வாங்காத சீட்டை எதற்குக் கொடுக்கிறார்கள்?" என்று அப்போது பலர் சிரித்தார்கள். அந்தச் சீட்டுதான் எத்தனை பேர் பயணம் செய்தார்கள் என்பதற்கான ஆதாரம். நெரிசலில் நடத்துநர் சீட்டைக் கொடுக்காமல் விட்டால் அந்தப் பயணம் கணக்கில் ஏறாமலே போகும். பெண் பயணிகளின் பங்கு 60 விழுக்காட்டைத் தாண்டியது என்று பின்னாளில் சொல்ல முடிந்ததும் இந்தச் சீட்டுகளால்தான்.

இங்கேதான் சிக்கல். கட்டணத்துக்கு ஈடாக அரசு கழகத்துக்குத் தரும் ஈட்டுத்தொகை தலையை எண்ணித் தரப்படுவது. பேருந்து ஓடிய கிலோமீட்டரை எண்ணித் தரப்படுவதன்று. ஐம்பது பேர் செல்லும் வண்டியில் எண்பது பேரை நிறுத்திக்கொண்டு போனால், செலவு ஏறக்குறைய அதேதான். ஆனால் முப்பது பேருக்கான ஈடு கூடுதலாகக் கிடைக்கும். அந்த முப்பது பேருக்காக இன்னொரு வண்டியை எடுத்தால் டீசல், ஓட்டுநர், நடத்துநர், பராமரிப்பு என்று முழுச் செலவும் கூடும். ஈடோ அதே எண்பது பேருக்குத்தான். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டியதில்லை, கணக்கே நெரிசலின் பக்கம் சாய்ந்திருக்கிறது.

வந்த பணம் எதற்குச் செலவாகிறது என்று கேட்டீர்கள். அது பொதுப் பையில் விழுகிறது. சம்பளம், டீசல், உதிரிப் பாகங்கள், வாங்கிய கடன்களுக்கான வட்டி, ஓய்வூதியம் என்று வரிசையில் நிற்பவர்கள் ஏராளம். 2024 சனவரியில் தொழிற்சங்கங்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் ஓய்வு பெற்றோரின் அகவிலைப்படி நிலுவையும் காலிப் பணியிடங்களை நிரப்புவதும் முதன்மைக் கோரிக்கைகளாக இருந்ததை நினைவுகூருங்கள். புதிய பேருந்து வாங்கும் பணமோ வேறு வழியில் வருகிறது. ஜெர்மனியின் வளர்ச்சி வங்கிக் கடனில் சில ஆயிரம் பேருந்துகளும், உலக வங்கி துணை நிற்கும் திட்டத்தில் சென்னையின் மின்சாரப் பேருந்துகளும் வாங்கத் திட்டமிட்டார்கள். பயணிகளின் எண்ணிக்கை கூடியதற்கும் பேருந்து வாங்கும் முடிவுக்கும் இடையே நேரான கயிறு எதுவும் கட்டப்படவில்லை.

ஓய்வுபெற்ற நடத்துநர்

மேலே ஐயா சொன்னதோடு பலகைக் கதையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். சென்னையில் ஒரே வழித்தடத்தில் சாதாரணம், விரைவு, சொகுசு என்று வெவ்வேறு கட்டணத்தில் வண்டிகள் ஓடுகின்றன. 29சி பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்குத்தான் போகும். எந்தப் பலகை மாட்டியிருந்தாலும் அதே சாலை, அதே சிக்னல், அதே நெரிசல்தான். பலகைக்கு ஏற்ப கட்டணம் மட்டும் மாறும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண வண்டிகளில் மட்டுமே உண்டு. எந்த வண்டி என்று தொலைவிலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக 2022இல் அவற்றின் முன்பக்கமும் பின்பக்கமும் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்தார்கள்.

பேருந்துக் கட்டணத்தை உயர்த்துவது எந்த ஆட்சிக்கும் கசப்பான வேலை. 2001 இறுதியில் ஒரு முறை, 2011 நவம்பரில் ஒரு முறை, 2018 சனவரியில் ஒரு முறை உயர்த்தினார்கள். மூன்றுமே அடுத்த சட்டமன்றத் தேர்தலிலிருந்து தள்ளியிருந்த காலங்கள். 2018இல் மாணவர்கள் வீதிக்கு வந்தபின் சிறிது குறைத்தார்கள். அதிகாரப்பூர்வமாகக் கட்டணம் உயராத 2006 முதல் 2011 வரையிலான காலத்தில் சென்னையில் வெள்ளைப் பலகை மாட்டிய சாதாரணக் கட்டண வண்டிகள் அரிதாகி, கூடுதல் கட்டண வண்டிகள் பெருகின என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. நான் அப்போது பணியில் இருந்தவன். அந்தக் குற்றச்சாட்டைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அரசாணை இல்லாமல், சட்டமன்றத்தில் கூச்சல் இல்லாமல், பணிமனையில் பலகையை மாற்றியே கட்டணத்தை உயர்த்திவிடலாம் என்பதுதான் அதன் சூட்சுமம்.

இப்போது அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். பணிமனை மேலாளரிடம் காலையில் கேட்கப்படும் முதல் கேள்வி நேற்றைய வசூல் எவ்வளவு என்பதே. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் கிடைக்கும் வசூல் பேட்டாவும் அந்த எண்ணோடு கட்டப்பட்டதுதான். கையில் வரும் காசும் என்றோ வரப்போகும் ஈடும் பணிமனையின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியாது. அந்த மனநிலையில் ஒரு வண்டி குறைந்தால் எந்த நடையை முதலில் நிறுத்துவார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஆட்கள் பற்றாக்குறையும் இதில் சேரும். ஓட்டுநர் இல்லாமல் நிற்கும் வண்டிக்கு எந்தப் பலகை மாட்டினால் என்ன?

வியாசர்பாடி கணக்கர்

இருவரும் சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற தொனியை மட்டும் ஏற்க இயலவில்லை.

மின்சாரப் பேருந்துகளில் நடப்பது அதுதான். 2025 சூன் மாத இறுதியில் எங்கள் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்துதான் அவற்றின் முதல் தொகுதி புறப்பட்டது. வண்டியும் ஓட்டுநரும் தனியார் நிறுவனத்துடையவை. நடத்துநரும் பயணச்சீட்டு வருவாயும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையவை. நிறுவனத்துக்கு ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கொடுத்துவிடுகிறது. வண்டி நிறைந்து ஓடினாலும் வெறுமையாக ஓடினாலும் நிறுவனத்துக்கு ஒன்றுதான். கிலோமீட்டர் கணக்கில் பணம் பெறுபவருக்கு, கூட்டமுள்ள நிறுத்தத்தில் நின்று ஆட்களை ஏற்றுவதைவிடத் தாண்டிப் போய்விடுவதே எளிது. எனவே, நிறுத்தத்தில் நிற்காமல் போவதற்கும் நேரம் தவறுவதற்கும் அபராதம் எழுதும் ஆள் தெருவில் இல்லையென்றால், தலைக்கணக்கின் குறை போய்க் கிலோமீட்டர்க் கணக்கின் குறை வரும்.

ஆனால் ஒன்றை வியப்போடு கவனிக்கிறேன். தனியாருக்குக் கொடுக்கும்போது, ஓடிய தொலைவுக்குப் பணம் என்பதை அரசு இயல்பாக ஏற்றுக்கொள்கிறது. தன் சொந்தக் கழகத்தின் இளஞ்சிவப்பு வண்டிக்கு மட்டும் தலையெண்ணிப் பார்த்துத்தான் தருவேன் என்கிறது.

பெண்கள் தரப்பிலிருந்தும் ஒரு சொல். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வின்படி இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக ரூ.888 மிச்சமாகிறது. வீட்டு வேலைக்குச் செல்பவருக்கும் துணிக்கடையில் நிற்பவருக்கும் அது பெரிய தொகை; அதைக் கேலி பேசுவோர் மீது எனக்கு மதிப்பில்லை. அதே வேளையில், காலை எட்டரை மணிக்கு எந்த நிறுத்தத்திலும் நின்று பாருங்கள். இரண்டு சொகுசுப் பேருந்துகள் அடுத்தடுத்து வரும். காத்திருக்கும் பெண்கள் அவற்றை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள், அவர்கள் கண் அதன் பின்னால் இளஞ்சிவப்பு முகம் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருக்கும். நேரமாகிவிட்டவர் மட்டும் சலித்துக்கொண்டு சில்லறையை எடுத்தபடி ஏறுவார். ரூ.888 என்ற கணக்கில் அந்தக் காத்திருப்பு எங்கும் வரவு வைக்கப்படவில்லை.

கர்நாடகத்தில் 2023 சூன் மாதம் தொடங்கிய சக்தி திட்டத்தில், சொகுசு அல்லாத விரைவுப் பேருந்துகளிலும் மாநிலத்துக்குள் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம். ஆனால் கர்நாடகத்தில் வசிப்பதற்கான அடையாள ஆவணத்தைக் காட்ட வேண்டும். நம் முறையில் எந்த அட்டையும் கேட்பதில்லை. பீகாரிலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் பெண்ணும் கேள்வியின்றி ஏறிக்கொள்ளலாம். வண்டி வகையில் நாம் கஞ்சத்தனம் காட்டினாலும் மனிதர்கள் வகையில் காட்டவில்லை. இந்த இரண்டில் எதை மாற்றலாம் என்று கேட்டால், அட்டை கேட்கும் பக்கம் மட்டும் போகவே கூடாது என்பேன்.

தெருமுனை வாசகர்

மூவருக்கும் நன்றி. இன்னொன்று கேட்டுவிடுகிறேன். எங்கள் வட்டத்தின் மாமன்ற உறுப்பினரிடம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளின் நடைகளைக் கூட்டக் கோரி மனுக் கொடுக்கலாம் என்று தெருவில் சிலர் சொல்கிறார்கள். அதற்கு அந்த உறுப்பினருக்கு அதிகாரம் உண்டா?

வரவுசெலவு

கொடுக்கலாம், அவர் மேலே அனுப்பி வைப்பார். அதற்கு மேல் அவரால் ஆவது அதிகம் இல்லை. நீங்கள் நிற்கும் நிழற்குடை பெருநகர சென்னை மாநகராட்சியுடையது. பேருந்து செல்லும் சாலை மாநகராட்சியுடையதாகவோ நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ இருக்கும். பேருந்து மாநில அரசின் கழகத்துடையது. அதே சாலையின் நடுவே குழி தோண்டிக்கொண்டிருக்கும் மெட்ரோ, மத்திய மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம். ரிப்பன் மாளிகையில் அமர்ந்திருக்கும் 200 மாமன்ற உறுப்பினர்களில் ஒருவருக்கும் ஒரு பேருந்தின் நேரத்தை மாற்றும் உரிமை கிடையாது. இவற்றையெல்லாம் ஒரே மேசைக்குக் கொண்டுவரச் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றினார்கள். முதலமைச்சர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். இடையில் இரண்டு முறை ஆட்சி மாறியது. இரு பெரும் கட்சிகளும் ஒற்றுமையாகத் தாமதித்த விவகாரங்களில் இதற்குத் தனி இடமுண்டு.

ஆகவே மனுவைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். ஆண்டுதோறும் போக்குவரத்துத் துறை மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பைப் படித்துவிட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. அதற்கு முன், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய் கட்டி ஒரு விண்ணப்பம் போடுங்கள். "பேருந்து ஏன் குறைவு?" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். உங்கள் வழித்தட எண்ணைக் குறிப்பிட்டு, 2021 ஏப்ரலிலும் இப்போதும் ஒரு நாளைக்குத் திட்டமிடப்பட்ட சாதாரணக் கட்டண நடைகள் எத்தனை, உண்மையில் ஓடியவை எத்தனை, அந்த வழித்தடத்தில் வழங்கப்பட்ட கட்டணமில்லாச் சீட்டுகள் மாதவாரியாக எத்தனை என்று ஆவணங்களின் நகலைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு.

ஓய்வுபெற்ற நடத்துநர்

திட்டமிட்ட நடை, ஓடிய நடை இரண்டையும் தனித்தனியாகக் கேட்கச் சொன்னது மிகச் சரி. கூடவே, விடுபட்ட நடைகளுக்கான காரணத்தையும் கேளுங்கள். ஆள் இல்லை, வண்டி பழுது, போக்குவரத்து நெரிசல் என்று வகை பிரித்துப் பணிமனையில் எழுதி வைப்பது வழக்கம். ஆள் இல்லாமல் நின்றவை அதிகமா, பழுதாகி நின்றவை அதிகமா என்பது தெரிந்தால், சட்டமன்ற உறுப்பினரிடம் ஆள் சேர்ப்பைக் கேட்க வேண்டுமா புது வண்டியைக் கேட்க வேண்டுமா என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.